நேற்று அறை

ரெமிஜியுஸை எழுப்பப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது பிலோமினா, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் பரிசோதனைக் கூடத்தில் உப்பின் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வல்லநாட்டு மலையடிவாரத்தில் இருக்கும் குளிர்த்துயில் மையத்திலிருந்து டாக்டர் ஷமீமா பேசினார். ரெமிஜியுஸின் நோய்க்கு மருந்து வந்துவிட்டது, கொடுத்துப் பார்த்தவர்களுக்குப் பலன் தெரிந்திருக்கிறது, காப்பாளர் என்ற முறையில் நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். பிலோமினா சரி என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த கண்ணாடிக் குடுவையைக் கழுவினாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். பக்கத்து மேசைப் பெண் என்ன ஆச்சு என்று கேட்டபோது, எங்க வீட்டுக்காரர் எந்திரிக்கப் போறார் என்று வாயில் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த வீட்டுக்காரர் டைட்டஸ் வாத்தியார்தான். காய்ச்சலில் கிடக்கிறாரா என்று விசாரித்தாள்.

ரெமியும் பிலோமினாவும் மூன்று வருடம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள். தூத்துக்குடியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீடு. குளியலறை சன்னலில் மட்டும்தான் கடல் தெரியும். அவன் குளிக்கப் போனால் வெளியே வர அரைமணி நேரமாகும். தலையில் சோப்பு நுரையோடு கப்பல் பார்த்துக்கொண்டு நிற்பான். விசைப்படகு எஞ்சின் மெக்கானிக் அவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மணப்பாடு வரைக்கும் பைக்கில் போவான். பெட்ரோல் ஊற்றி ஓட்டிய காலத்துப் பைக். சாயங்காலம் அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அவள் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். அவன் செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவுவதற்குள் முதல் தோசை தட்டில் இருக்கும்.

ஒருநாள் அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. மறுநாளும் நழுவியது. பிறகு சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. உடம்பின் தசைகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே போகும் நோய் என்றார்கள். அப்போதுதான் மனிதர்களைக் குளிரில் உறங்கவைத்து, மருந்து கண்டுபிடித்த பிறகு எழுப்பும் முறை வந்திருந்தது. ஐந்து வருடம், மிஞ்சினால் ஏழு என்றார்கள். அவனுக்கு முப்பத்தொரு வயது, அவளுக்கு இருபத்தெட்டு. தூங்கி எழுந்திரிக்கப் போகிறேன், இதற்கு ஏன் இப்படி அழுகிறாய் என்று அவளைக் கேலி செய்துவிட்டுத்தான் போனான்.

இருபத்து நான்கு வருடம் ஆகிவிட்டது.

அதற்குள் என்னவெல்லாமோ நடந்தன. ரெமியின் அப்பா அம்மா போய்ச் சேர்ந்தார்கள். பிலோமினாவின் அம்மாவும் போனாள். கடல் மேலேறி வந்து அந்த இரண்டு தெருக்களையும் எடுத்துக்கொண்டது. மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இப்போது பாசி படிந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அவன் பிறந்தநாளன்று அவள் வல்லநாட்டுக்குப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டு வருவாள். அவன் முகத்தில் ஒரு கோடுகூட விழாது. அவள் தலையில் நரை விழுந்தது.

தனியாக ஒன்பது வருடம் இருந்தாள். அந்த வருட மழையில் கடுமையான காய்ச்சல் வந்து, தண்ணீர் குடிக்க எழுந்தவள் சமையலறைத் தரையிலேயே கிடந்தாள். கதவைத் தட்ட ஒரு ஆள் இல்லை. பிழைத்து எழுந்த பிறகுதான் டைட்டஸின் அக்கா கொண்டுவந்த கல்யாணப் பேச்சுக்குக் காதுகொடுத்தாள். உறங்குகிறவரின் மனைவி மறுமணம் செய்துகொள்ளச் சட்டமும் கோயிலும் ஒரு வழி வைத்திருந்தன. டைட்டஸ் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார், அதிகம் பேசாதவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நீங்க அவர மறக்கணும்னு நான் கேக்கல. எனக்கும் கொஞ்சம் இடம் இருந்தாப் போதும்." அந்தச் சொல்லை அவர் மீறியதில்லை. பிறந்தநாளன்று வல்லநாட்டுப் பேருந்துக்கு அவரேதான் கொண்டுபோய் விடுவார். அவர்களுக்கு ஜெனிட்டா பிறந்து, அவள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

மையத்தில் டாக்டர் ஷமீமா அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்கினார். மேலப்பாளையத்துக்காரர், நிதானமான பேச்சு.

"அவர் கண்ணு முழிக்கிறப்போ அவருக்கு அது மறுநாள் காலை. ராத்திரி உங்ககிட்ட பேசிட்டுப் படுத்த மனுஷன். எடுத்த எடுப்புல உண்மையைச் சொன்னா இதயம் தாங்காது. முதல்ல எழுப்புனவங்கள்ல சில பேரை நாங்க அப்படித்தான் இழந்தோம்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"பழைய பிலோமினாவா வந்து பேசணும்."

அவனுடைய அறையை அந்தக் காலத்து ஆஸ்பத்திரி அறையைப்போலவே வைத்திருப்பார்களாம். நோய்த்தொற்று பயம் என்று சொல்லி யாரையும் உள்ளே விடமாட்டார்கள். வேறொரு அறையில் காமிராவின் முன் உட்கார்ந்து அவள் பேசினால், பழைய படங்களை வைத்து இயந்திரம் அவள் முகத்தையும் குரலையும் இளமையாக்கி அவன் திரைக்கு அனுப்பும். உடம்பு தேறத் தேற, கொஞ்சம் கொஞ்சமாக உண்மைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஊழியர்கள் அவன் இருக்கும் அறையை நேற்று அறை என்று அழைத்தார்கள். இது அவரை ஏமாற்றுவது ஆகாதா என்று பிலோமினா கேட்டாள். ஆகும்தான் என்றார் டாக்டர். உயிரோடு இருந்தால் நம்மைத் திட்டிக்கொள்ளட்டும்.

முதல் நாள் காமிரா முன் உட்கார்ந்தபோது அவளுக்கு ரெமியின் முகம் முதலில் கண்ணில் படவில்லை. திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் வேறு யாரோ தெரிந்தாள். கழுத்தில் மடிப்பில்லாத, கன்னம் நிறைந்த ஒருத்தி. பிலோமினா காதோர முடியை ஒதுக்கினால் அவளும் ஒதுக்கினாள். இவ்வளவு அழகாகவா இருந்தேன் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த வயதில் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் மூக்கு சரியில்லை என்றுதான் நினைத்திருக்கிறாள்.

"ஏட்டி பிலோ, இன்னும் கோவமா இருக்கியா?" என்றான் ரெமி.

குரல் மெலிந்திருந்தது. ஆனால் அது அவன் குரல். அவளுக்கு எந்தக் கோபம் என்று விளங்கவில்லை. எதற்கு என்று கேட்டாள்.

"எதுக்கா? பைக்க போஸ்கோவுக்குக் குடுத்துட்டேன்னு ராத்திரி என்ன பேச்சு பேசுன."

அப்படி ஒரு சண்டை நடந்ததே அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவனுடைய கூட்டாளி போஸ்கோ பேரன் பேத்தி எடுத்துவிட்டார். மூட்டு வலிக்கு எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று போன வாரம்தான் அவளிடம் விசாரித்தார். அந்தப் பைக் துருப்பிடித்து எந்தக் குப்பைக்குப் போனதோ. கோபமெல்லாம் இல்லை, ஓட்டிக்கொள்ளட்டும் என்றாள். திரையிலிருந்த இளம்பெண்ணும் அதையே சொன்னாள். ரெமி கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அதன் பிறகு வேலை முடிந்ததும் தினமும் வல்லநாட்டுக்குப் போனாள். அவனுக்கு நேற்றும் முந்தாநாளும் நடந்தவை அவளுக்கு எப்போதோ தொலைந்துபோனவை. அவள் அம்மா தூக்குவாளியில் கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பு, அதைத் திறந்ததும் கீழ்வீட்டு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தியது, பூசைக்கு நேரமாகி வலது செருப்பும் இடது செருப்பும் வேறுவேறு ஜோடியில் மாட்டிக்கொண்டு ஓடியது, மணப்பாட்டு மணலில் பைக் சறுக்கி இருவரும் விழுந்து, வலிக்கு முன்னால் சிரிப்பு வந்தது. எல்லாவற்றையும் அவன் முழுசாக வைத்திருந்தான். அம்மா கடைசியாக அவனிடம் பேசியபோது என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்பதுவரை அவனுக்குத் தெரிந்தது. செத்துப்போன அம்மா அவன் பேச்சில் தலையில் எண்ணெய் மினுங்க நடமாடினாள். பிலோமினா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மா ஏன் திரையில் வரவில்லை என்று அவன் கேட்டால், வேளாங்கண்ணிக்குப் போயிருக்கிறாள் என்பாள்.

எப்படியும் இயந்திரம் வேறு முகத்தைத்தான் காட்டப்போகிறது என்று தெரிந்தும், புறப்படுமுன் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். அவள் வீட்டுக்குள் நுழையும்போது ஜெனிட்டா கணக்கு நோட்டோடு காத்திருப்பாள். அப்பாவிடம் கேள் என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போவாள். குழம்பில் உப்பு போட்டோமா என்ற சந்தேகம் அடிக்கடி வந்தது. டைட்டஸ் உப்பில்லாததையும் உப்புக் கூடியதையும் ஒரே மாதிரிச் சாப்பிட்டார்.

ஐந்தாவது வாரம், ரெமி கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். இதயம் நன்றாக இருக்கிறது, இனிமேல் சொல்லிவிடலாம் என்றார் டாக்டர். பிலோமினா இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்றாள். அந்த வாரம் முடிந்ததும் இன்னும் ஒரு வாரம் கேட்டாள். டாக்டர் ஷமீமா பேனாவை மூடி வைத்தார்.

"இந்த ஒரு வாரம் அவருக்கா, உங்களுக்கா?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வெளியே வந்தபோது கையலம்பும் தொட்டிக்குப் பக்கத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உதவியாள் ஒருத்தி, உங்க மகன் நல்லா நடக்கார்மா என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். டைட்டஸ் வாசலில் செருப்பு வாரைத் தைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலேயே பேசினார்.

"நீ அங்க போயிட்டு வாரது எனக்கு வருத்தமில்ல பிலோமினா. வந்த பெறவும் நீ அங்கதான் இருக்க. அதுதான்."

அவள் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள். கூட வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அவள் சொன்னதும் நூலைக் கடித்து அறுத்தார்.

அன்று காமிரா முன் உட்கார்ந்தவள், இயந்திரத்தை இயக்கும் பெண்ணிடம் அதை நிறுத்தச் சொன்னாள். கட்டத்திலிருந்த இளமுகம் ஒருமுறை கலங்கியது. கன்னம் தளர்ந்தது. கண்ணுக்குக் கீழே நிழல் வந்தது. முன்நெற்றி நரை வந்தது. ஐம்பத்திரண்டு வயது பிலோமினா அங்கே இருந்தாள். ரெமி நகரவில்லை. அவன் நெஞ்சுத்துடிப்பைக் காட்டும் பச்சைக்கோட்டையே அவள் பயத்தோடு பார்த்தாள். அது அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

"அத்தை மாதிரியே ஆயிட்ட" என்றான். அவள் அம்மாவைத்தான் சொன்னான்.

அவள் வாய் திறக்குமுன் அவனே தொடர்ந்தான். "எனக்குத் தெரியும். ரெண்டாவது நாளே தெரியும்."

"எப்படி?"

"நான் சொல்லுததையெல்லாம் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தியே. எம் பிலோ என்னைக்கு என்னைப் பேசி முடிக்க விட்டா? பாதியிலேயே மறிச்சுப் பேசுவா. மூஞ்சியையும் குரலையும் சரியா செஞ்சுட்டாங்க. உன் பொறுமைய அவங்களால ஒண்ணும் செய்ய முடியல."

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் அவள் வராமல் போய்விடுவாளோ என்று பயந்ததாகச் சொன்னான். அப்புறம், அவள் சிரிக்க ஆரம்பித்ததும் அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்றான். எத்தனை வருடம் என்று கேட்டான், சொன்னாள். அம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டான், சொன்னாள். அவன் கண் அவள் கழுத்தில் கிடந்த வேறு தாலியில் நின்றது.

"யாரு?"

"டைட்டஸ்னு பேரு. வாத்தியார்."

"நல்லா வச்சிருக்காரா?"

"ம்."

"பிள்ள?"

"ஒரு பொண்ணு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "நீ செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன். எத்தன வருஷம் காத்துக்கிட்டு இருக்க முடியும். ஆனா பிலோ, எனக்கு இது வருஷமில்ல. நேத்து ராத்திரி நீ எம் பக்கத்துல படுத்திருந்த."

அவளுக்கு அழுது தீர்க்க வருடங்கள் கிடைத்தன. கொஞ்சம் கொஞ்சமாக மறக்கவும், மறந்துவிட்டோமே என்று வருந்தவும், அந்த வருத்தமும் ஆறவும் காலம் இருந்தது. அவனுக்கு ஒரு இரவுகூடக் கிடைக்கவில்லை. அறைக் கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போனாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை உட்கார்ந்திருந்தாள்.

பிறகும் நான்கைந்து முறை போனாள். நேருக்கு நேர் உட்கார்ந்தபோது பேச்சு ஓடவில்லை. அவன் அவள் புறங்கை நரம்பைப் பார்ப்பான். பார்த்ததை மறைக்க எஞ்சினைப் பற்றி ஏதாவது கேட்பான். ஒருநாள் அவனே சொன்னான்.

"இனிமே வராத பிலோ. நீ வந்தா நான் அவளத் தேடுதேன். நீயும் எங்கிட்ட அவளத்தான் தேடிக்கிட்டு வார. ரெண்டு பேருக்கும் அவ கிடைக்கப் போறதில்ல."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுத்து அழுதாள். ஜெனிட்டா பயந்துபோய் அப்பாவைக் கூட்டிவந்தாள். டைட்டஸ் மகளை வெளியே அனுப்பிவிட்டு மின்விசிறியைப் போட்டார். காலடியில் உட்கார்ந்துகொண்டு அவள் அழுது முடியும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தாள். பஸ் நிறுத்தத்தில் வல்லநாடு என்று எழுதிய வண்டி வந்தால் மட்டும் வேறுபக்கம் பார்த்துக்கொண்டாள். சில மாதங்களில் அதுவும் தேவைப்படவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் சென்றபின், மழை விட்ட ஒரு சாயங்காலம் ரெமியே வீட்டுக்கு வந்தான். கதவைத் திறந்தது டைட்டஸ். வயதில் பாதியான அந்த ஆளை யாரென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உள்ளே கூப்பிட்டு, துவாலை கொடுத்து, மின்சாரப் படகு எஞ்சின்களில் உப்பு எப்படிப் புகுகிறது என்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பிலோமினா தேநீர் கொண்டுவந்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றார்கள்.

முட்டத்தில் படகுப் பட்டறையில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். கல்யாணம் முடிவாகியிருக்கிறது. பெண் ஜாஸ்லின், நாகர்கோவில் பக்கம். ரத்தப் புற்றுக்காகப் பதினாறு வருடம் குளிரில் கிடந்து எழுந்தவள். மையத்தில் நடைப் பயிற்சிக் கூடத்தில் பழக்கம். அவள் கணவர் வெளிநாட்டில் வேறு குடும்பமாகிவிட்டார். பெற்றவர்கள் இல்லை. வீட்டை நினைத்து அழவந்தால் ஒருவர் மற்றவரைத் தடுப்பதில்லை, அதில்தான் ஆரம்பித்தது என்று சொல்லிவிட்டுத் தேநீரைப் பார்த்தான். வந்து நிற்பாயா என்று பிலோமினாவிடம் கேட்டான். எல்லாரும் வருகிறோம் என்று டைட்டஸ் சொன்னார்.

முட்டம் கோயிலில் அன்று நல்ல காற்று. கூட்டம் குறைவு, பட்டறை ஆட்கள், மையத்திலிருந்து டாக்டர் ஷமீமா, மூட்டுவலியோடு போஸ்கோ. பூசைக்கு மணி அடித்ததும் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் வாசலுக்கு வந்து, மாப்பிள்ளையைப் பீடத்துக்குக் கூட்டிப்போக அவர் வீட்டுப் பெரியவர்கள் யாரென்று கேட்டார். ரெமி தன் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டிருந்தான். டைட்டஸ் மனைவியின் முழங்கையை இலேசாகத் தொட்டார்.

பிலோமினா போய் ரெமியின் கையைப் பிடித்தாள். ஒருமுறை இதேபோலக் கோயில் நடுவே அவனோடு நடந்திருக்கிறாள். அன்று இருவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். அவன் உள்ளங்கை அதே சூட்டோடு இருந்தது. அவனை அப்படியே இழுத்துக்கொண்டு வெளியே போய்விட வேண்டும் என்று ஒரு கணம் அவளுக்கு வெறி வந்தது. நடந்தாள். பீடத்துக்கு முன்னால் அவன் கையை விட்டாள். திரும்பி வந்து டைட்டஸுக்கும் ஜெனிட்டாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

விருந்து முடிந்து கிளம்பும்போது ஜாஸ்லின் அவளைப் பந்தலின் ஓரத்துக்குத் தனியாகக் கூட்டிப்போனாள். கூச்சத்தோடு கேட்டாள்.

"ஆன்ட்டி, அவருக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காதுன்னு ஒண்ணும் சொல்ல மாட்டேங்கார். எது கேட்டாலும் எல்லாம் பிடிக்கும்பார். உங்களுக்குத் தெரியுமில்லியா, கொஞ்சம் சொல்லுங்களேன்."

மீன் குழம்பில் புளி குறைவாக இருக்க வேண்டும். தோசை ஓரம் முறுகியிருந்தால்தான் இன்னொன்று கேட்பான். தலையணை இரண்டு. கோபம் வந்தால் பேசமாட்டான், காது மடல் மட்டும் சிவக்கும். அப்போது சமாதானம் சொல்லக்கூடாது, பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். குளியலறையில் நேரமானால் கதவைத் தட்டக்கூடாது. எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பிலோமினாவின் நாக்கு நுனிக்கு வந்தன. பந்தலுக்கு அப்பால் ரெமி, போஸ்கோவைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அவள் ஜாஸ்லினின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா. வருஷமாச்சு பாரு. நீயே அவர்கூட இருந்து தெரிஞ்சுக்கோ."